இரண்டாம் துளி

தாமரை இலைத் தண்ணீர் என்று
சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.
பழமொழிக்குத் தெரிந்தது ஒரே ஒரு துளி.
உருளும், ஒட்டாது, கதை முடியும்.
அதன் முதுகின்மேல் இன்னொன்று வந்து விழுந்தால்?
பழமொழியை யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

ஊலு நகரம். நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருண்டுவிட்ட ஜன்னலருகே
ஸைமி கொர்தெலைனென்
அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுடைய துளியில்
பதினேழாயிரத்து ஐந்நூறு மூலக்கூறுகள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
எட்டாயிரம் துளிகள் தோளோடு தோள் நிற்கலாம்.
இந்தச் சிறுமையில் பூமியின் இழுப்பு
ஒரு பொருட்டே இல்லை;
துளி தானாக விழாது.
'கீழே போ, இன்ன வேகத்தில் போ' என்று
ஒவ்வொரு மூலக்கூறுக்கும்
எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

தரை, தூண் நட்ட தரை.
தண்ணீரோடு பேச்சுவார்த்தை இல்லாத அணுக்கள்.
தூண்களின் உச்சியை மட்டும் தொட்டு
துளி, கல்லில் ஊற்றிய மாவாய்ப் பரவும்.
விளிம்பு ஒரு கணம் தயங்கும்.
பிறகு பரப்பியதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு
எழுந்து போய்விடும்.
எல்லாம் நூறு பைக்கோ நொடிக்குள்.
'கணம்' என்று நான் சொன்னது
எவ்வளவு பெரிய பொய் பாருங்கள்.

வசந்தத்தில் அதைத்தான் திரையில் காட்டினாள்.
கைதட்டினார்கள். காபி வந்தது, ஏலக்காய் ரொட்டி வந்தது.
கடைசி வரிசையில் ஏர்னோ நிஸ்கலா,
காற்றாலை இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கி
பனிக்கட்டி உடைப்பவன்,
வாயில் ரொட்டியோடு கேட்டான்:
"எங்கள் பக்கம் மழை
ஒவ்வொரு துளியாகப் பெய்வதில்லையே?"

சிரித்தார்கள்.
ஸைமி சிரிக்கவில்லை.

அறுபத்து நான்கு முறை ஓட்டினாள்.
ஒவ்வொரு முறையும் இரண்டாவது துளியை
இரண்டு பைக்கோ நொடி தாமதமாக அனுப்பினாள்.
முதல் துளி பரவிக்கொண்டிருக்கும்போதே வந்தால்
இரண்டும் கலந்து, கொஞ்சம் கனத்து,
சேர்ந்தே கிளம்பிவிடுகின்றன.
மிகவும் தாமதித்து வந்தால்
காற்றில் முட்டிக்கொண்டு அங்கேயே தொங்குகின்றன,
கீழே தங்களுக்கு வேலையில்லை என்பதுபோல.

நடுவில் ஓர் இடைவெளி.
முதல் துளி விரித்ததைச் சுருட்டி
எழப்போகும் நேரம்.
சரியாக அப்போது மண்டையில் அடி.
எழுந்தது அமர்கிறது.
அமர்ந்தது தூண்களுக்கு நடுவே இறங்குகிறது.
இறங்கியது வரவே இல்லை.

அறுபதிலிருந்து எழுபத்து நான்கு வரை:
பதினான்கு பைக்கோ நொடி அகலமுள்ள வாசல்.
அதன் வழியாகத்தான் பனிக்கட்டி உள்ளே வருகிறதோ?
'கூடும்' என்று எழுதினாள்.
'வருகிறது' என்று எழுதி, அழித்தாள்.

கணக்குகள் ஓடியது காயானியில்,
ஒரு பழைய காகித ஆலைக்குள்.
அந்த இயந்திரத்தின் சூடு
ஊரின் குழாய்களுக்குள் போகிறது.
நாற்பத்தோராம் ஓட்டம் முடிந்த இரவில்
யாரோ ஒருத்தி ஈரக் காலுறையை
வெப்பத்தகட்டில் விரித்துப் போட்டிருப்பாள்.
எங்குமே பெய்யாத இரண்டு துளிகள்
அதை உலர்த்தியது அவளுக்குத் தெரியாது.

வெளியே ரேந்தா:
மழையா பனியா என்று
முடிவெடுக்காமலே விழுந்துவிடும் ஒன்று.
ஜன்னல் கண்ணாடியில்
ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையே இல்லாமல்.

ஸைமி படத்தை ஏர்னோவுக்கு அனுப்பினாள்.
இரண்டு நாள் பதில் இல்லை; மேலே இருந்திருப்பான்.
மூன்றாம் நாள் கையுறை கழற்றாத விரலால் அடித்த
எழுத்துப்பிழைகளோடு ஒரு வரி:
"நல்லது. மூன்றாவது துளி?"

கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னாள்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
புதிய கோப்பைத் திறந்தாள்.